அக்காவின் பூனைப்புதினா

எங்கள் அக்கா கோண்டாவிலில் மூன்று பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவள் நான்; கடைசி தம்பி. சில ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றி, இரண்டு இடப்பெயர்வுகளைக் கடந்து, அத்தானுடன் ரொறன்ரோ வந்துசேர்ந்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உழைத்து, அந்நகரின் ரூஜ் பகுதியில் வீடு வாங்கி, இரு பிள்ளைகளையும் ஆளாக்கினார். இடப்பெயர்வில் வன்னிக்குப் போன தம்பி அங்கேயே இருந்தான்.

அவ்வீட்டின் வாசலோரம் வெயில் காயும் கல்நிலம் ஒன்று உண்டு. முதற்கோடையில் அக்கா செடிக்கடையில் 'கற்மின்ற்' (catmint) என்ற ஆங்கிலப் பெயரில் 'மின்ற்' என்பதைக் கண்டு, புதினாவில் ஒரு வகை என்றெண்ணி மூன்று சாடி வாங்கிவந்தார். இலையை அரைத்துச் சம்பலும் பரிமாறினார். ஒரு வாய் உண்ட அத்தான் சம்பலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவைத்தார். மறுநாள் அயல்வீட்டுப் பூனை அச்செடிமேல் புரள்வதைக் கண்டதும், "இஞ்சை வாரும், உம்மடை சம்பலுக்கு ஆள் வந்திட்டுது" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அதன் பெயர் பூனைப்புதினா.

பிழையாக வந்ததென்று அக்கா அதை எறியவில்லை. எருவும் அதிக நீரும் வேண்டாம், வெயில் போதும் என்று கண்டுகொண்டார். ஊதாப்பூக்கள் முதன்முறை வாடியதும் பாதிக்கு வெட்டிவிடுவார். கோடை முடியுமுன் மறுபடி பூக்கும். பனிக்காலத்துக்கு முன் மட்டும் காய்ந்த தண்டில் எவரையும் கைவைக்க விடமாட்டார். அது வேருக்குப் போர்வை என்பார். ஆண்டுதோறும் அந்த வேரிலிருந்தே தளிர் வரும்.

வன்னியில் போர் உக்கிரமாக, இவ்வாண்டு மாசிக்குப் பிறகு தம்பியிடமிருந்து அழைப்பு வரவில்லை. சித்திரையில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா தொலைபேசியின் அருகிலேயே அமர்ந்திருந்தார். என்ன செய்வதென்று அறியாமல் நான் வாசலைத் துப்புரவாக்கினேன். பட்டுப்போனவை என்றெண்ணி அச்செடிகளையும் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. ஒன்றை எடுத்து, அடியில் கடுகளவில் நின்ற சாம்பற்பச்சை முளைகளைக் காட்டினார்.

"செத்ததெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"காய்ஞ்சு கிடந்தது, அக்கா."

"காய்ஞ்சு கிடந்தாச் செத்ததோ? ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் பிடுங்கியிருக்கலாமெல்லே."

இருவரும் திரும்ப நட்டோம். மூன்றில் இரண்டு பிழைத்தன.

வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். முகாம்களிலிருந்து கிடைத்த பெயர்ப் பட்டியல்களில் தம்பி இல்லை. இறந்ததைக் கண்டதாகச் சொன்னவரும் இல்லை. தம்பிக்குத் திதி கொடுக்கும்படி உறவினர் சொன்னபோது, "எந்த நாளிலை?" என்று மட்டும் அக்கா கேட்டார். ஆடியில் அவரது நோய் தெரியவந்தது, ஐப்பசியில் காலமானார். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்தவர்களையும், முப்பத்தொரு நாளும் சமைத்து அனுப்பிய அயலவரையும் எம் குடும்பம் மறவாது. வாசலைக் கூட்டித் தந்தவர்களுக்கும், சொன்னதைக் கேட்டு, காய்ந்து நிற்கும் அந்த இரண்டு செடிகளையும் அப்படியே விட்டவர்களுக்கும் நன்றி.

அக்காவின் இந்த நினைவுமலரை அச்சிட்டவர் முதற்பக்கத்தில் உடன்பிறந்தோர் பெயர்களைக் கோக்கும்போது, "தம்பியின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடவோ, அன்ரி?" என்று கேட்டார். ஒருநாள் தவணை கேட்டேன். அத்தானிடம் கேட்டபோது, "நீரே சொல்லும்" என்றார்.

முதற்பக்கத்தில் அச்சொல் இல்லை. அன்புகூர்ந்து அதனை அச்சுப்பிழையென்று எண்ணவேண்டாம்.

தங்கை