நடுவில் நிற்கிற பெண்

காலை ஐந்து ஐம்பது. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது சின்னம்மாவின் முதுகை. அதுவரை அவள் என் பக்கம் திரும்பித்தான் படுப்பாள். அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் ஃபோனை வைத்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். போர்வை ஓரத்தில் நீல வெளிச்சம் கசிந்தது. மறுமுனையில் கனடாவில் வெல்டராக இருந்த அவள் புருஷன். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு என்று அப்பா சொல்லியிருந்தார். இன்னும் நேற்றிலேயே இருக்கிற ஓர் ஆளிடம் விடிந்ததும் விடியாததுமாகப் பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் இருமினேன். முதுகு திரும்பவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். அம்மா இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி வேன் காலை ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட, துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிறுத்திவைத்திருந்தார் என்று சொல்வது சரியாக இருக்கும். ஆகையால் என்னைக் குளிப்பாட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் வாய்ப்பாடு கேட்டவள் சின்னம்மாதான். அம்மாவை அம்மா என்று கூப்பிட்டேன். சின்னம்மாவையும், பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு, அம்மா என்றே கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்பதில் வீட்டில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பெரும்பாலும் அது சின்னம்மாவாகத்தான் இருக்கும்.

அம்மா நான்கு மணிக்குத் திரும்புவாள். துணி சோப்பால் ஒருமுறை கை கழுவுவாள், எலுமிச்சை மூடியைத் தேய்த்து இன்னொரு முறை கழுவுவாள். விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்ட பிறகே என்னிடம் வருவாள். நான் அப்படியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சின்னம்மா மடியில் ஏறிவிடுவேன். அம்மா சிரித்துக்கொண்டே தங்கையிடம் சொல்வாள்: "உம் பொண்ணுக்கு எம்மேல கவுச்சி அடிக்குதாம்டி."

சின்னம்மாவின் புருஷன் எண்ணூர்க்காரர். கனடாவிலிருந்து லீவில் வந்தார், பெண் பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு வாரத்தில் திரும்பிப் போய்விட்டார். கல்யாண மேடையில் நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். போட்டோகிராபர் சாக்லேட் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். சாக்லேட்டை வாங்கிக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் நின்றேன். மண்டபத்தில் மட்டுமல்ல, கோயிலில், கடற்கரையில், ஐஸ்கிரீம் கடையில் எடுத்த படங்களிலும் நடுவில் நான்தான். அந்த ஆளின் கை சின்னம்மாவின் தோளுக்கு வர வேண்டுமானால் என் தலையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். சில படங்களில் பாதி வழியில் நின்றிருக்கிறது.

அவர் போன பிறகு வீட்டுக்கு ஒரு ஃபைல் வந்தது. நீல நிறம். பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. என் புத்தகப்பை கதவு மூலையில் கிடந்தது. ஃபைலைத் தொடுவதற்கு முன் சின்னம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். எனக்குப் பின்னல் போடும்போது எண்ணெய்க் கையோடுதான் போடுவாள்.

ஃபைல் எதற்கு என்று அப்பாவைக் கேட்டேன்.

"உன் சின்னம்மா கனடா போவணும்னா அந்த ஊரு கவர்மெண்டு ஓகே சொல்லணும். இது நெச கல்யாணந்தானா, சொம்மா விசாவுக்காக கட்டிக்கினாங்களான்னு பாப்பாங்க."

"நெசம் இல்லன்னு சொல்ட்டாங்கன்னா?"

"இங்கியே கெடப்பா. வேற இன்னா?"

அந்தப் பதிலை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மனு வேலைகளைச் செய்துகொடுத்தவர் கல்மண்டபம் ஏரியாவில் மொபைல் கடை ஒன்றின் மாடியில் இருந்தார். ஜெராக்ஸ், பாஸ்போர்ட், விமான டிக்கெட், விசா எல்லாம் ஒரே மேசையில். சின்னம்மா படங்களை எடுத்து வைத்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது. மாப்ள பொண்ணு போட்டோ கேட்டா காதுகுத்து போட்டோ எட்த்துகினு வந்துகீற."

"அவ எறங்க மாட்டேன்ட்டாண்ணே."

"வெட்டவும் முடியாது. வெட்னா இன்னாத்துக்கு வெட்னன்னு கேப்பான். அப்டியே போவட்டும்."

படங்கள் போயின. கணவனும் மனைவியும் தொடர்ந்து பேசிக்கொள்கிறார்கள் என்பதற்குச் சான்றாக வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டவையும் போயின. அவற்றை யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். சின்னம்மா மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள், கைரேகை கொடுத்தாள், போலீஸ் சான்றிதழ் வாங்கினாள். அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அந்தக் காத்திருப்பைப் பற்றி வீட்டில் ஒருவருக்குத்தான் அனுபவம் இருந்தது.

"கேட்ல நிக்கிற வண்டி மாதிரிதான்," என்றார் அப்பா. "பேப்பர் கரீட்டா கீதுன்னு முன்னாடி போயி ஆரன் அடிச்சின்னு வையி, இன்னும் லேட் பண்ணுவான். மூடிக்கினு ஒக்காரணும்."

சின்னம்மா மூடிக்கொண்டு உட்காரவில்லை. தினமும் காலையில் சுவரைப் பார்த்துப் படுத்துப் புருஷனிடம், ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்பாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்து ஆறரை ஆகிவிடும். பின்னல் அவசரத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும். வகுப்பில் குரூப் போட்டோ எடுத்த அன்றும் அப்படித்தான். சில நாள் அவர் அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கேட்பார் போலிருக்கிறது. சின்னம்மா ஃபோனை என் முகத்துக்கு நேராகத் திருப்புவாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். "தூங்கறா," என்பாள். நான் தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு மாலை நான்கு மணிக்கு அவர் கூப்பிட்டார். அவர் கூப்பிடுகிற நேரம் அது இல்லை. சின்னம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா கையில் சோப்பு நுரையோடு குழாயடியிலிருந்து எழுந்து வந்தாள்.

கனடாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. மனுவில் குழந்தை இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இணைக்கப்பட்ட செய்திகளில் 'மகள்' என்ற சொல் பல இடங்களில் வருகிறது. படங்களிலும் ஒரே சிறுமி திரும்பத் திரும்பக் காணப்படுகிறாள். இந்தச் சிறுமி யாருடைய குழந்தை?

முதலில் சிரித்தது அப்பாதான். "அக்கா பொண்ணு பொண்ணு இல்லாம, பின்ன பக்கத்து வூட்டு பொண்ணா?"

ஃபோனில் இருந்தவர் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லோருமாக ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் போனோம். மாடிக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, பழைய செய்திகளின் தமிழ்ப் பிரதியை எடுத்து, பொண்ணு என்று வந்த இடங்களில் மஞ்சள் மார்க்கரால் கோடு போடத் தொடங்கினார். பக்கம் பக்கமாக மஞ்சள். போடப் போட வாய்விட்டுப் படித்தார்.

"பொண்ணுக்கு சளி. பொண்ணு இன்னிக்கி இட்லி துன்னல. பொண்ணு என்னாண்ட பேச மாட்டேங்குது. இவரு எழ்தறாரு, நம்ம பொண்ணு ரேங்க் கார்டு வந்துச்சா. இவரே எழ்தறாரு, பொண்ணுக்கு ஷூ சைஸ் இன்னா." மார்க்கரை மூடினார். "புருசன் பொண்டாட்டி பேசிக்கிற மாதிரியாமா கீது? ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி கீது."

சின்னம்மா தலை குனிந்தாள். இரண்டே வாரம் பழகிய இருவருக்கு, பேசுவதற்குத் தெரிந்த பொது ஆள் ஒருத்திதான் இருந்தாள். போர்வைக்குள் என்னை விட்டுவிட்டு என்னவோ பேசுகிறார்கள் என்று நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

"அக்கா பொண்ணுக்கு அவுங்க பாசைல வேற பேருமா. நீஸ்."

"நீஸ்," என்று சின்னம்மா சொல்லிப் பார்த்தாள்.

"சோப்பு பேரு மாதிரி கீதே," என்றார் அப்பா.

"சிரிக்காத நைனா. கொளந்தய மறைச்சிட்டான்னு முடிவு பண்ட்டான்னா ஃபைல க்ளோஸ் பண்ணிருவான். திரும்ப அப்ளை பண்றதுக்கே வருசக்கணக்கா ஆவும். அந்த ஆளு அங்க, இவங்க இங்க."

சின்னம்மா புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

எனக்கு மட்டும் அந்த அறையில் எந்தக் கவலையும் இல்லை. கனடா நாட்டு அரசாங்கம் என்னைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறது. இந்தச் சிறுமி உன் மகளா என்று கேட்டிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆமாம் என்று எழுதிவிட்டால் முடிந்தது. மகளை விட்டுவிட்டு யாரும் போக முடியாது. ஒன்று அவள் இங்கே இருப்பாள், அல்லது நானும் போவேன். அந்த ஆளை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம், ஷூ வாங்கப் போகிறார். நான் சின்னம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறுதிமொழிப் பத்திரம் அடிக்க மாடிக்காரர் ஒரு நாள் கேட்டார். அதற்குள் என் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைக்கச் சொன்னார். அடுத்த நாள் அம்மா கம்பெனிக்கு லீவு போட்டாள். சின்னம்மாவின் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். கையெழுத்துப் போடப் போகிற இடத்துக்கு எதற்குப் பட்டு என்று அப்பா கேட்டபோது அம்மா மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். சான்றிதழை வழி முழுவதும் அம்மாதான் வைத்திருந்தாள். சின்னம்மா வாங்கி ஃபைலில் வைக்கக் கை நீட்டியபோது, "இருக்கட்டும், நானே வச்சிக்கிறேன்," என்றாள்.

இரண்டு பத்திரங்கள். ஆங்கிலத்தில் அடித்திருந்ததை மாடிக்காரர் தமிழில் சொன்னார். முதலில் சின்னம்மாவுடையது.

"மேற்படி சிறுமி எனக்குப் பிறந்தவள் அல்ல. அவள் என் அக்காவின் மகள். எனக்குக் குழந்தை எதுவும் இல்லை. இது உண்மை."

சின்னம்மா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றாமலே தாளில் வைத்தாள். மாடிக்காரர் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் அவள் பக்கத்திலிருந்து எழுந்து போய் ஜெராக்ஸ் மிஷின் ஓரமாக நின்றுகொண்டேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். போகவில்லை.

அடுத்தது அம்மாவுடையது.

"மேற்படி சிறுமி என் வயிற்றில் பிறந்தவள். அவளைப் பெற்ற தாய் நான்தான்."

அம்மா பேனாவை வாங்கவில்லை. "இன்னொரு வாட்டி படிங்கண்ணே," என்றாள்.

அவர் படித்தார்.

"இன்னொரு வாட்டி."

"எதுனா தப்பு கீதாமா? ஸ்பெல்லிங் கிஸ்பெல்லிங்?"

"தப்பு ஒண்ணும் இல்லண்ணே. படிங்க."

அவர் மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்திப் படித்தார். கீழே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். சின்னம்மா வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். பொய் சொன்னால் அழத்தான் வேண்டும் என்று நான் அவள் பக்கம் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் தூக்கம் வந்தது. அம்மாவின் பட்டுப் புடவையில் சாய்ந்துவிட்டேன். அவள் கை என் கன்னத்துக்கு வந்தது. அதில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவள் இறாலைத் தொட்டிருக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால் விசா வந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் நான் சின்னம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். விடியற்காலையில் அவள் முதுகைக் காட்டுவதற்கு முன் நான் என் முதுகைக் காட்டிவிடுவேன். வீட்டில் இன்னொன்றும் நின்றிருந்தது. "உம் பொண்ணு" என்று அம்மா தங்கையிடம் சொல்வது நின்றிருந்தது. அதை அப்போது கவனித்தேனே தவிர, கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்புகிற நாள் மாலை சின்னம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னல் போட அப்படித்தான் உட்கார முடியும். அவள் அவசரப்படவில்லை. இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில், கண் இழுத்துக்கொள்கிற அளவுக்கு இறுக்கமாக வந்தன. பிறகு அவளும் அப்பாவும் காரில் ஏறிப் போனார்கள். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. பின்னலையும் அவிழ்க்க விடவில்லை. அப்படியே படுத்துத் தூங்கினேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. சின்னம்மா படுக்கிற இடத்தில் அம்மா படுத்திருந்தாள். என் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கம்பெனி வேன் ஐந்து மணிக்கே வந்துவிட்டுப் போயிருந்தது.