பழசைக் காட்டாமல் புதுசு தராதவர்

செவ்வாய்க்கிழமை காலை கணவரை டயாலிசிசுக்கு அழைத்துப் போகக் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகப் போகும் நேரத்தில் கைப்பேசியில் செய்தி வந்தது. அனுப்பியவர் நஸ்ரின், ஜமால் அண்ணனின் மகள். "அத்தா மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி. தூக்கத்துலயே. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சிங்கப்பூரில் காருக்குத் தரும் பத்து வருட உரிமம் என் வண்டிக்கு முடிய இன்னும் மூன்றே வாரம், பிறகு அது பழைய இரும்புதான். முடிந்ததும் அதிலிருக்கும் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொள்ள வருவேன் என்று சொல்லியிருந்த மனிதர், அந்த மூன்று வாரம் இருந்திருக்கக் கூடாதா?

பூன் லேயில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கப்பல் உதிரிபாகக் கிடங்கின் ஸ்டோர்கீப்பர். நான் அதே கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கட்டடத்தில் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். யார் போய் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான். "பழசக் கொண்டா, புதுசு தரேன்." ஒருமுறை கப்பல் புறப்பட நேரமாகிவிட்டது, கேப்டன் போனில் கத்துகிறார், கேட்டது ஒரு சின்ன ரப்பர் வளையம். இவர் அசையவில்லை. "பழசப் பாக்காம நான் எப்படி குடுக்கறது? பேர் ஒண்ணா இருந்தா அளவு ஒண்ணா இருக்கும்னு யார் சொன்னா?" பழையதைப் படகில் கொண்டுவரச் செய்தார். நாங்கள் கேட்ட உதிரிபாக எண் தவறாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அவரைப் பாராட்டும் நிலையில் அன்று நாங்கள் யாரும் இல்லை.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு, கார் எனக்கு ஆடம்பரம் இல்லை. சிகிச்சை முடிந்து வரும்போது அவரால் நிற்க முடியாது. அப்படி ஒரு காலையில்தான் கார் கிளம்பவில்லை. ஜமால் அண்ணனுக்குப் போன் செய்தேன். "வெயிட் பண்ணுங்க தங்கச்சி, நான் வந்து பழசப் பாத்துட்டுச் சொல்றேன். எவனையும் கூப்பிடாதீங்க." எனக்கு எங்கே பொறுமை? வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தருபவரை வரவழைத்தேன். பத்து நிமிடத்தில் மாற்றினார், பழையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் ஓடியது.

சனிக்கிழமை அண்ணன் வந்து பானெட்டைத் திறந்தார். நான் செய்த கறிபப்பைத் தொடக்கூட இல்லை.

"இது சிவப்பு விளக்குல எஞ்சின் தானா நின்னு தானா கிளம்புற வண்டி. அதுக்குத் தாங்குற பேட்டரி வேற, தங்கச்சி. இவன் சாதாரணத்தப் போட்டுட்டுப் போயிட்டான்."

"ஓடுதுதானே?"

"இன்னிக்கு ஓடுது லா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் ஆயுள். பிறகு பழைய இரும்புக்குப் போகப்போகிற வண்டிக்கு யாராவது நல்ல பேட்டரி போடுவார்களா? இந்த ஊரில் யாரும் போடுவதில்லை. அதையே அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க பேட்டரிய வண்டிக்கா வாங்குறீங்க? டயாலிசிசுக்கு வாங்குறீங்க."

ஐந்தே மாதத்தில் அந்தப் பேட்டரி கேலாங் சிவன் கோயில் வாசலில் செத்தது. பிரதோஷ நாள். கணவர் பின் இருக்கையில் வியர்த்துக் கிடந்தார். அப்போதும் எனக்கு அண்ணன் மேல்தான் கோபம், சொன்னது பலித்துவிட்டதே என்று.

அடுத்த ஞாயிறு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கால் வலிக்கிறது. அண்ணன் செத்த பேட்டரியைக் காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டினார். தேக்கா சந்தைக் கூட்டத்துக்குள் அதை இழுத்துக்கொண்டு, ஜாலான் புசார் பக்கமிருந்த உதிரிபாகக் கடைகளுக்கு என்னை நடத்தினார். வழியில் பூக்கடைக்காரர் கேட்டார், "என்ன பாய், ஆட்டுக்கல்லா?" முதல் கடையில் காட்டிய பேட்டரியில் பிளஸ் முனை எதிர்ப்பக்கம் இருந்தது, வயர் எட்டாது. இரண்டாவது கடையில் எல்லாம் பொருந்தியது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, மேல்மூடியில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். "செஞ்சு ஒரு வருஷமா அலமாரியில உக்காந்திருக்கு. இந்த ஊர் சூட்டுல சும்மா இருந்தாலே பாதி போயிரும்." மூன்றாவது கடையில் வகை சரி, உயரம் கூடுதல், மேலே பிடிக்கும் கம்பி மாட்டாது. "தட்டி உக்கார வச்சுரலாம் பாய்" என்றார் கடைக்காரர். அண்ணன் தள்ளுவண்டியைத் திருப்பினார்.

வெறுங்கையோடு திரும்பினோம். பேருந்து நிறுத்தத்தில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினேன். "நாளன்னிக்கு அவர நான் தோள்ல தூக்கிட்டுப் போகட்டுமா அண்ணே? உங்களுக்கு என்ன, நீங்க பாட்டுக்கு நம்பர் படிச்சிட்டு இருங்க!" அவர் தள்ளுவண்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

திங்கள் மாலை, வேலை முடிந்து வந்த உடையோடு, சரியான பேட்டரியோடு எங்கள் கார் நிறுத்தத்தில் நின்றார். எங்கே வாங்கினார் என்று சொல்லவே இல்லை. மாட்டி முடித்து, வெள்ளை மசிப் பேனாவால் அதன்மேல் தேதி எழுதினார். "வண்டி போறப்ப இதையும் சேத்துக் குடுத்துராதீங்க. இதுல இன்னும் உசுரு இருக்கும். என் வண்டிக்கும் இதே அளவுதான். நானே வந்து கழட்டிக்கிறேன்." அதன்பிறகு ஒரு நாள்கூடக் கார் என்னைக் கைவிடவில்லை. நான் அவருக்கு ஒழுங்காக நன்றியும் சொல்லவில்லை. கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டுக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

கடைசி மூன்று மாதம் அவர் வேலைக்கு ரயிலில்தான் வந்தார். கேட்டால், "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்பார். அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோதுதான் நஸ்ரின் உண்மையைச் சொன்னாள். "அத்தா வண்டில பேட்டரி செத்துப் போச்சு ஆன்ட்டி. புதுசு வாங்குங்கன்னு அம்மா டெய்லி சண்டை. 'தங்கச்சி வண்டில நல்லது ஒண்ணு இருக்கு, வரட்டும், எதுக்கு வேஸ்ட்'னு சொல்லிட்டாங்க." எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பேட்டரி விஷயத்தில் ஒரு நாள் தள்ளிப்போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் வண்டியை மூன்று மாதம் கிடப்பில் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வாங்கிக் கொடுத்திருப்பேன். சொன்னால் நான் அப்படிச் செய்வேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

போன வியாழக்கிழமை என் காரைப் பழைய இரும்புக்கு ஒப்படைத்தேன். அங்கிருந்தவரிடம் பேட்டரியைக் கழற்றித் தரச் சொன்னேன். அதைத் தள்ளுவண்டியில் கட்டி, டாக்சி பிடித்து நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவள் நான் கொண்டுபோனதை அவர் வண்டியில் உடனே மாட்டப் பார்த்தாள். "இரு, முதல்ல பழசக் காட்டு" என்று என் வாயிலிருந்தே வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

அவர் வண்டியில் செத்துக் கிடந்த பழையதை வெளியே தூக்கி வைத்தாள். அதன் மேல்மூடியில் தூசியைத் துடைத்தேன். வெள்ளை மசியில் அவர் கையெழுத்து. என் காரின் உரிமம் முடியும் தேதி. அதற்குக் கீழே, 'தங்கச்சி வண்டி'.

அளவு பார்த்தோம். முனைகள் பார்த்தோம். மாட்டினோம். நஸ்ரின் சாவியைத் திருகியதும் வண்டி முதல் முறையிலேயே கிளம்பியது. அவள் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதாள். நான் பானெட்டைப் பிடித்தபடி நின்று, பேருந்து நிறுத்தத்தில் கத்தியதற்கு அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

செத்த பேட்டரியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஆனாலும் புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி வந்துவிட்டேன். வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது. எப்போது தூக்கிப் போடப்போகிறாய் என்று கணவர் தினமும் கேட்கிறார். போடமாட்டேன். அந்தத் தேதிக்கு அவர் வரவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.