கம்பி இல்லாத தூண்

திருத்தணி மலையிலிருந்து இறங்கிய பஸ், வளைவில் பிரேக் பிடிக்காமல் ஓரம் போய், சாலையோரச் சிமெண்ட் தூண் ஒன்றில் சாய்ந்து நின்றது. முன்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கியது. நசுங்கிய தகரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே என் கால் மாட்டிக்கொண்டது. எமர்ஜென்சி போன மறு வருஷம், ஆடி மாதம். முருகன் அன்று எனக்குச் செய்ததை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

"யாரும் அசையாதீங்க. தூணு தாங்கிக்கினு கீது," என்றார் கண்டக்டர். எல்லாருக்கும் அது ஆறுதலாக இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

அந்தத் தூண்களை வார்த்தவர்களில் நானும் ஒருத்தி. சித்தாள் வேலை. என் கலவையை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வம் இன்றும் உண்டு. ஆனால் தூணுக்கு நாலு கம்பி வைக்க வேண்டிய இடத்தில், கடைசிப் பன்னிரண்டு தூண்களுக்கு மேஸ்திரி ஒரு கம்பிகூட வைக்கவில்லை. கேட்டேன்.

"வார்த்துட்டா உள்ள என்னா கீதுன்னு எவனுக்குத் தெரியப்போவுது? நீ சட்டியத் தூக்குமா," என்றார்.

வேலை போய்விடுமே என்று தூக்கினேன். வண்டியில் ஏற்றும்போது கம்பி வைத்ததும் வைக்காததும் கலந்துவிட்டன. எதை எங்கே நட்டார்கள் என்று எனக்கே தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் அந்தத் தூண். கறுப்பு வெள்ளை அடித்த அதன் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். சொன்னால் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள், பஸ் உருளும். சொல்லாமல் இருந்தால்? ஏற்கெனவே ஒருமுறை சொல்லாமல் இருந்தவள்தானே நான்.

முருகா, இது கம்பி வைத்த தூணாக இருக்கட்டும். பிழைத்தால் இனி மறைக்க மாட்டேன். இவ்வளவுதான் வேண்டினேன்.

டிரைவர் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கினார்கள். பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "முடிய மேலயே குட்த்துட்டேன். இன்னும் என்னாத்த கேக்கறான்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பஸ் முனகியது. விரிசல் அகலமானது. கடைசியில் நானும் கண்டக்டரும்தான்.

"நீ எறங்கிடு நைனா, புள்ளகுட்டிக்காரன்."

"பேசாத இரு அக்கா. கால இப்டித் திருப்பு."

டயர் கழற்றும் இரும்புத் தடியால் தகரத்தை நெம்பினார். தோல் உரிந்து கால் வெளியே வந்தது.

ரோட்டில் பத்தடி நடந்திருப்போம். பின்னால் படாரென்று சத்தம். தூண் ஒடிந்து, பஸ் பள்ளத்தில் போய்விட்டது. நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஒடிந்த இடத்தில் ஜல்லியும் சிமெண்டும்தான் இருந்தன. ஒரு கம்பி இல்லை.

நான் முருகனிடம் கம்பியைக் கேட்டேன். அவன் கம்பி தரவில்லை. கடைசி ஆள் இறங்கும்வரை கம்பிக்குப் பதிலாகத் தானே நின்றான்.

மறுநாள் காலையிலேயே இஞ்சினியர் ஆபீசுக்குப் போனேன்.

"இன்னும் பதினொரு தூண்ல கம்பி இல்லீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க கலவ போட்டேன்."

மேஸ்திரி அதன்பின் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. போகட்டும். பழைய தூண்கள் அத்தனையும் எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்தார்கள். கூலியில்லாமல் தினமும் போய் நின்று கம்பியை எண்ணினேன். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

மலைக்கு வருகிறவர்கள் இறங்கும்போது அந்த வளைவைப் பாருங்கள். ஒவ்வொரு தூணிலும் நாலு கம்பி இருக்கிறது, என் கண் பார்த்தது. உங்கள் வாயிலும் ஏதாவது அடைத்துக்கொண்டு இருந்தால் முருகனிடம் சொல்லுங்கள். பிறகு, கேட்க வேண்டியவரிடமும் போய்ச் சொல்லுங்கள். அதுவரை அவன் தாங்குவான்.