அப்பாவின் பெயரை வாசித்த பதினொரு காலைகள்

துப்பறியும் நாவல்கள் இதுவரை இருநூற்றுப் பதினாறு படித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எண் உண்டு. கொலைகாரன் பிள்ளை பெற்றவனாகவும் இருந்தவை முப்பத்தொன்று. கைதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பேசவிட்டவை நான்கே நான்கு. நான்கிலும் பிள்ளை தகப்பனை வெறுக்கிறான், அல்லது தானும் கத்தி எடுக்கிறான். அப்பா வேண்டும் என்று கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

என் அப்பா ஒரு கொலைகாரர். எனக்குப் பத்து வயதில், தெலுக் இந்தானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால் வெட்டும் கத்தியால் தண்டலைக் கொன்றார். மரத்தில் பால் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கிறவர்தான் தண்டல். ஏன் கொன்றார் என்பதற்கு மூன்று கதைகள் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் அப்பா ஏதோ ஒரு வகையில் வீரர். அதனாலேயே மூன்றையும் நான் நம்பவில்லை. தண்டலுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் என் அப்பாவுக்கு ஏங்குவது அவர்களுக்குக் கேட்கச் சகிக்காது. அது நியாயம்தான்.

அப்பாவுக்கு ஆயுள் தண்டனை. பதினான்கு வருஷம் சிறையில் இருந்து அங்கேயே செத்தார். அம்மா என்னை ஈப்போவுக்குக் கூட்டிவந்து, வீடுகளில் துணி துவைத்துப் படிக்க வைத்தாள். ஆசிரியர் வேலை கிடைத்தபோது அப்பாவுக்கு இன்னும் மூன்று வருஷ உயிர் இருந்தது. சிறைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நான் போன தடவைகள், பூஜ்யம்.

என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. தாத்தா பாகான் டத்தோவில் தென்னைமரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று நானும் என் மனைவியும் சொல்லி வளர்த்தோம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் வாசகர் கூட்டம் நடக்கும். படி இருபத்திரண்டு. இப்போதெல்லாம் நடுவில் ஒருமுறை நின்றால்தான் ஏற முடிகிறது. கண் மங்கியதிலிருந்து மகள்தான் காரில் கொண்டுவந்து விடுகிறாள். போன மாதம் அவளும் புத்தகத்தைப் படித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கதையில் கொலைகாரனின் மகன் பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விடுகிறான்.

கூட்டத்தை நடத்துகிறவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். “மகன் கெட்டிக்காரன் லா. அப்பன் பேரத் தூக்கிப் போட்டுட்டுக் கெளம்பிட்டான். நானா இருந்தாலும் அதான் செய்வேன்,” என்றார்.

“ஆனா ரத்தம்னு ஒன்னு இருக்குல்ல, அண்ணே?” என்றார் எதிரே இருந்த முன்னாள் நர்ஸ். “ரெண்டாம் பாகம் வரட்டும். அடுத்த கொலைய இந்த மகன்தான் செய்வான், பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

“என்ன சார், இன்னைக்குக் கணக்கே வரல? எத்தன பக்கம், எத்தன பொணம்?” என்று ரயில்வேக்காரர் என்னைச் சீண்டினார்.

“பொணம் மூனு,” என்றேன். “ஒன்னு மட்டும் தப்பா எழுதியிருக்காரு. அந்த மகன் தெனமும் அப்பாவ நெனச்சுக்கிட்டு இருப்பான்.”

“கொலைகாரனயா? அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“எங்கப்பா கொலைகாரரு. அதனால தெரியும்.”

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேஜையில் ஏழு கிளாஸ்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே பெரட்டைப் பற்றிச் சொன்னேன்.

விடியுமுன் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிப்பதுதான் பெரட்டு. வாசிக்கிறவர் கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. எங்கள் தோட்டத்தில் பெயர்ப் புத்தகத்தை மாதம் ஒருமுறைதான் எழுதுவார்கள். எழுதிய பெயரை நடுவில் அடிக்கும் வழக்கமில்லை. ஆள் செத்தாலும் ஓடினாலும் மாதம் முடியும்வரை அந்தப் பெயர் இருக்கும். அப்பாவைப் போலீஸ் கொண்டுபோன பிறகு மாதத்தில் பதினொரு வேலை நாள் மிச்சம் இருந்தது. கிராணியும் பழக்கதோஷத்தில் அதை வாசித்துக்கொண்டே போனார். வாசித்துவிட்டு, ஒரு நொடி நின்று, அடுத்த பெயருக்குப் போவார்.

அம்மாவுக்கு அது பதினொரு அவமானம். பெயர் ஏறுமுன்பே அப்பாவுக்குப் பதிலாக வேலைக்கு வந்து, வரிசையில் தலை குனிந்து நிற்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தள்ளி நிற்பார்கள். நான் மட்டும் ஒருநாள் விடாமல் எழுந்து போய், லாந்தர் வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்று கேட்டேன். லயத்தில், வேலைக்காரர் வீட்டு வரிசையில், எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள். கிராணி ஒருவர்தான் மற்றவர்கள் பெயரைப் போலவே அதையும் வாசித்தார், வேலைக்கு வரவேண்டிய ஒரு ஆளின் பெயராக. பன்னிரண்டாம் நாள் புதுப் பக்கம். அப்பா இருந்த இடத்தில் அம்மாவின் பெயர் வந்துவிட்டது. அன்று நான் அழுததைப் பார்த்து, பசியாக்கும் என்று அம்மா ரொட்டி கொடுத்தாள்.

சொல்லி முடித்ததும் நர்ஸ், “மன்னிச்சுக்குங்க அண்ணே, நான் ஏதோ கதைன்னு பேசிட்டேன்,” என்றார். ரயில்வேக்காரர் எல்லோருக்கும் இன்னொரு தேநீர் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

மகள் காரை எடுத்தாள். சிம்பாங் பூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒன்பது சிக்னல். ஆறாவதில் வாயைத் திறந்தாள்.

“அப்ப தென்னமரம்?”

“பொய்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். மரம் அவ யோசனைதான்.”

“இந்த வயசுலயும் தென்னமரத்துக்குக் கீழ கார நிறுத்த மாட்டேன்பா நான்!” குரல் உயர்ந்தது. பிறகு உடைந்தது. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. அவள் திரும்பவில்லை. கேமரன் மலைக்குப் போகும் சாலையில் நேராக ஓட்டினாள்.

“தாத்தா எப்படி இருப்பாரு?” என்றாள்.

என் ஆயுளில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. படம் எதுவும் கிடையாது. இருந்த ஒன்றை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்வார் என்றேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். குளிக்கும்போது பாடுவார், பாட்டில் பாதி தப்பு. கருவாட்டு முள்ளை எடுத்துவிட்டுத்தான் என் தட்டில் வைப்பார். இப்படி ஏழு விஷயங்கள் சொன்னேன். என்னிடம் இருந்தவை ஏழுதான்.

“இன்னும்?” என்றாள் மகள்.

மலை ஏறத் தொடங்கியிருந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.