மலையில் உப்புத்தண்ணீர்

மலை என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துத் தட்டை மண்ணில் பிறந்தவர்கள். அங்கே ஏறுவதற்குப் பனையை விட்டால் வேறொன்றும் இல்லை. நான் பாரிஸில் பிறந்தவள். மொன்மார்த் மேட்டைத்தான் மலை என்று நம்பியிருந்தேன். ஒருமுறை அப்பா அதன் படிகளில் பாதி ஏறிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இதுக்கு மேலை ஏறுறதெண்டா அங்கை ஒரு கோவிலாவது இருக்கோணும்" என்றார்.

"இருக்குத்தானே" என்று அம்மா உச்சியிலிருந்த வெள்ளைத் தேவாலயத்தைக் காட்டினார்.

"எங்கட கோவில்" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கத் தொடங்கினார்.

அதனால், அம்மாவின் தம்பி, என் மாமா, அமெரிக்காவில் மலைகளுக்கு நடுவே இருக்கிறார் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு அது முருகன் செய்த காரியமாகவே பட்டது. குன்றுள்ள இடத்தில் அவன் இல்லாமல் இருப்பானா? மாமா அனுப்பிய மலைப் படத்தைக் குளிர்பெட்டிக்கு மேலிருந்த சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனமும் வைத்தார். அந்த மலைக்கு உச்சி இல்லை. கத்தியால் சீவிய இளநீர்போல மேற்பக்கம் தட்டையாக இருந்தது. அமெரிக்க மலைகள் அப்படித்தான் போலும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

யுத்தம் முடிந்து அப்போது ஒரு வருடம் ஆகிக்கொண்டிருந்தது. வன்னியில் கடைசிவரை அம்மாவின் தம்பியும் தங்கச்சியும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். தம்பி வெளியே வந்தார். முகாம், கப்பல், காடு, சிறை எல்லாம் தாண்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் ஒரு நாட்டுப்புற மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு குஜராத்திக்காரரின் தங்குவிடுதியில் அறை துடைக்கிற வேலை. தங்கச்சி, என் சின்னம்மா, வரவில்லை. எங்கே என்று கேட்டால் மாமாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"சனத்துக்கை தவறிப் போனம் அக்கா."

தவறினவள் வருவாள் என்று அம்மா இருந்தார். கோவில் ஐயர் ஒருநாள், நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கடமையைச் செய்து விடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா அர்ச்சனைத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். உயிரோடு இருக்கிறவளுக்கு எள்ளுத்தண்ணீர் இறைத்தால் அது பிள்ளையாரே பொறுக்காத பாவம். செத்தவளுக்கு இறைக்காமல் விட்டாலும் பாவம். அந்த இரண்டு பாவத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, அம்மா தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவில் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை வாங்கினார். சின்னம்மா வந்து இறங்குகிற அன்று அவர் உடுத்துவதற்கு. பிளாஸ்டிக் உறையோடு அது அலுமாரியின் மேற்தட்டில் இருந்தது. தொட்டுப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் எங்கள் மெத்ரெஸ், அதாவது வகுப்பு ஆசிரியை, எல்லோரும் ஒரு மலைப் பிரதேசத்தைப் பற்றி எக்ஸ்போசே செய்ய வேண்டும் என்றார். வகுப்புக்கு முன்னால் நின்று அதன் புவியியலையும் வரலாற்றையும் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் பனியில் சறுக்கப் போகும் மலைகளை எடுத்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கி, என் மாமாவின் மாவட்டம் என்றேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம். மாமாவிடம் என்ன கேட்டாலும் ஒரு சொல், இரண்டு சொல்தான் வரும். இனி அவரைக் கதைக்க வைக்க ஒரு காரணம் கிடைத்தது. "கேள் பிள்ளை, விடாமல் கேள். என்னட்டைச் சொல்லாதவன் உன்னட்டைச் சொல்லுவான்" என்றார். மலையைப் பற்றித்தான் அம்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களுக்குப் போன் எடுப்பார். அங்கே அவருக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். அப்பா உணவகத்தில் மதியத்துக் கோப்பைகளைக் கழுவி முடித்துவிட்டு, இரவு வேலைக்கு முன் வந்து காலை நீட்டிக்கொண்டு இருப்பார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைக்கு நடுவில் வைப்பார். பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் வீடு ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும்தான். அங்கே யாருக்கும் எதுவும் கேட்காமல் போகாது.

"மருமோள், எழுதிக்கொள். இஞ்சை சமதரை எண்டு ஒண்டும் இல்லை. ரெண்டு மலைக்கு நடுவிலை ஒரு பிளவு, அதுக்கை ஒரு ஓடை, ஓடைக் கரையிலை ஒரு றோட்டு, றோட்டுக் கரையிலை வீடு. வெயில் பத்து மணிக்குத்தான் உள்ளுக்கை வரும், நாலு மணிக்குப் போயிடும்."

"அப்ப உடுப்புக் காயப்போட ஏலாதே" என்றார் அம்மா.

"ஆர் முதலிலை இருந்தது, மாமா?"

"காட்டைத் தெரிஞ்ச சனம். பிறகு ஆமி வந்து எல்லாரையும் எழுப்பிக் கலைச்சது. குளிருக்கை நடத்திக்கொண்டு போனதாம். கிழடுகளும் குழந்தையளும் வழி வழியா விழுந்து போச்சினமாம். நிண்டு புதைக்க விடேல்லையாம்."

நான் 'முதல் மக்கள், நடந்து போனார்கள்' என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு நிலக்கரி. பின்னால் வந்து குடியேறிய ஏழைச் சனங்களிடம் பட்டணத்து ஆட்கள் வந்து, "மேல்மண் உங்களுக்கே, அடியில் இருக்கிறதை மட்டும் தாருங்கள்" என்று கேட்டார்களாம். எழுத்து வாசிப்பு இல்லாதவர்கள் சிலுவை மாதிரி ஒரு கீறு போட்டுக் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் கொம்பனி வெடியோடு வந்தது. அடியில் இருப்பதை எடுப்பதற்காக மேலே இருந்த வீடு, தோட்டம், மலையின் தலை எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியது.

"நிலத்துக்குக் கீழை விக்கிறதோ? விசர்ச் சனம்" என்றார் அம்மா.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவையள் கீழைதான் குடுத்தவை. நாங்கள் மேலையும் கீழையும் விட்டிட்டு வந்து இஞ்சை கோப்பை கழுவுறம். ஆர் விசர்?"

அப்போதுதான் எனக்குச் சாமித்தட்டில் இருந்த மலைக்கு ஏன் உச்சி இல்லை என்பது விளங்கியது. அம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அடுத்த நாள் காலையில் தலையில்லாத அந்த மலைக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது ஞாயிறு நான் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. அந்த மாவட்டத்தில் பெரிய அனர்த்தம் ஏதாவது நடந்ததா? மெத்ரெஸ் கொடுத்த கேள்விகளில் அதுவும் ஒன்று.

விடுதியின் துணி துவைக்கும் யந்திரம் சுழல்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நடந்தது, மருமோள். இஞ்சை ஒரு ஆள் அடிக்கடி வருவான். அவன் சொன்னது. ஒருநாள் எல்லாச் சனமும் ஓட வேண்டி வந்திட்டுது. பின்னாலை நெருப்பு, முன்னாலை தண்ணி. தண்ணிக்கை இறங்கித்தான் போகோணும். கழுத்து மட்டும் தண்ணி. அந்த ஆள் தங்கச்சியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போனவன். மற்றத் தோளிலை ஆரோ குடுத்த குழந்தை. பின்னாலை வந்த சனம் தள்ளினது. கை நழுவிப் போச்சு. திரும்ப விடேல்லை சனம். திரும்பியிருந்தா..."

"குழந்தை?" என்று கேட்டேன்.

"குழந்தையும் கரைக்கு வந்து சேரேக்கை இல்லை."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மேசைக்குக் கிட்ட வந்து போனின் மேல் குனிந்தார். மாமாவின் அந்தக் கதைக்கு அம்மா கேட்ட கேள்வி எனக்கு வினோதமாகப் பட்டது.

"தம்பி, அந்தத் தண்ணி உப்போ?"

யந்திரம் நின்றுவிட்டது. மாமாவின் மூச்சுக் கேட்டது.

"ஓம் அக்கா. உப்பு."

"நிலவு பாத்தனியோ?"

"விடியேக்கை. அரை நிலவு. நேர் உச்சியிலை நிண்டது."

அம்மா போனை எடுத்து, ஓசையில்லாமல், அணைத்து வைத்தார். காலநிலையைப் பற்றி நான் இன்னும் கேட்கவேயில்லை என்று எனக்குக் கோபம். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். அம்மா குசினிக் கதவில் தொங்கிய, மளிகைக் கடை கொடுத்த நாட்காட்டியின் முன்னால் போய் நின்றார். விரலை மடக்கி எண்ணினார். "தேய்பிறை அட்டமி" என்று தனக்குள் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமையைச் சுற்றி என் சிவப்புப் பென்சிலால் ஒரு வளையம் போட்டார். என் எக்ஸ்போசேயும் அதே வெள்ளிதான். அதற்காகத்தான் போட்டார் என்று நினைத்து எனக்குக் கோபம் ஆறிப்போனது.

அன்றிரவு பாயில் படுத்திருந்தபோது அப்பா தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. "தம்பியல்லோ செய்யோணும் இஞ்சேரப்பா. அங்கை ஒரு ஆத்தங்கரையிலை எண்டாலும் செய்யட்டும். சொல்லுவமே?"

அம்மா சொன்னார்: "விட்ட கையாலை அவளுக்கு எள்ளுத்தண்ணி வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஓடை, பிளவு, நிலக்கரி, கீறு போட்டுக் கொடுத்த சனம் எல்லாம் சொன்னேன். மலைப் படத்தைத் தரச்சொல்லி அம்மாவிடம் கேட்டிருந்தேன். மறுபேச்சில்லாமல் தட்டிலிருந்து எடுத்து, சந்தனத்தைத் துடைத்துத் தந்திருந்தார். பிறகு, கழுத்தளவு உப்புத்தண்ணீரில் சனங்கள் நடந்து போனதைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மெத்ரெஸ் வரைபடத்தில் கையை வைத்து, இந்த மாவட்டத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் பார், மலை ஓடையில் உப்பு எப்படி வரும், சொல்கிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதக் கூடாது, சரிபார்க்க வேண்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் வன்னிச் சனம் கடைசியில் இறங்கி நடந்த நந்திக்கடல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் தண்ணீர் எந்த மலையிலும் ஏறும் என்றும் தெரியும். அந்த மெத்ரெஸைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய வரைபடம் சரி. அம்மா அதற்குப் பிறகு மாமாவோடு ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போனை எடுப்பார், அம்மா குசினித் தண்ணீர்க் குழாயைத் திறந்து விடுவார். மாமா இன்னும் அங்கேதான் அறை துடைக்கிறார். மலைப் படம் பிறகு தட்டுக்குத் திரும்பவில்லை. எத்தனையோ விளக்கு ஏற்றிக் கேட்டுவிட்டேன். ஒரு கைக்கு எத்தனை உயிரைப் பிடிக்கிற பலத்தைக் கொடுத்தாய் என்று கேட்டால் ஆண்டவன் பதில் சொல்வதில்லை. அந்தக் கையை மன்னிக்கிற பலத்தை அம்மாவுக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் அன்று எனக்கு மாமாமேல் கோபம் மட்டும்தான் இருந்தது. பிழையான புவியியல் சொல்லித் தந்து என்னை வெட்கப்பட வைத்துவிட்டார் என்று அம்மாவிடம் முறையிட, மதியச் சாப்பாட்டுக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

அப்பா வேலைக்குப் போகாமல் வேட்டியோடு நின்றார். அம்மா தலை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்திருந்தார். வெங்காயம் இல்லாத சமையல் மணம். நிலத்தில் தலைவாழையிலை, அதில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். இலைக்கு முன்னால், உறை பிரித்து, கடை ஒட்டுத்தாள் நீக்கி, மடிப்புக் கலையாமல், அந்த மாம்பழ நிறச் சேலை. மேலே ஒரு மல்லிகைச் சரம்.

"சின்னம்மா வந்திட்டாவோ?" என்று கத்தினேன்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் வாயில் கை வைத்தார். அந்தக் கையில் எள்ளு மணந்தது.

"ஓம் பிள்ளை. வந்திட்டா. சத்தம் போடாதை, சாப்பிடட்டும்."

அம்மா சூடம் கொளுத்திவிட்டு எங்களை வெளியே படிக்கட்டுக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினார். முதன்முதல் வந்தவருக்குக் கூச்சமாக இருக்கும், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் சாப்பிட மாட்டார் என்று எனக்குப் பட்டது. சரியான மரியாதைதான். ஆனால் வாசலில் பார்த்தால் எங்கள் மூன்று பேருடைய சப்பாத்துகள் மட்டுமே கிடந்தன. சின்னம்மாவின் செருப்பைக் காணவில்லை. அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு வந்திருக்கிறாவே, இந்த ஊர்க் குளிருக்கு என்ன செய்வா என்று எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

அம்மாவின் குளிர்காலச் சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டி, கதவைத் திறந்ததும் கால் போட வசதியாக, வாசலுக்கு நேரே சோடியாகத் திருப்பி வைத்தேன். வைத்துவிட்டு, எவ்வளவு நல்ல பிள்ளை என்று அம்மா சொல்லுவார் என்று அண்ணாந்து பார்த்தேன்.