அம்புறோஸின் மருமகன்

நடுவிரல் கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்து விரலை மடக்கிப் பார்த்தன அந்தக் கைகள். இறுக்கம் கூடிவிட்டது. உரித்தெறிந்துவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கின.

"கட்டி முடிஞ்சுதோ, இல்லாட்டி நகப்பூச்சும் பூசப்போறாரோ? உந்த நெட்டையனைக் கேள்" என்றார் அம்புறோஸ், மகன் எறிக்கிடம். நெட்டையன் பக்கத்தில்தான் இருந்தான். அவனோடு அவர் நேரே பேசுவதில்லை.

நெட்டையனின் பெயர் வுகாஷின். செர்பியாவில், நோவி சாட் நகரத்துக்காரன். மீசை அரும்பும் முன்பே வாலிபால் எனும் கரப்பந்தாட்டம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. கிரேக்கம், துருக்கி, போலந்து என்று கழகம் கழகமாக ஆடினான். அவன் அடிக்கிற ஆள் இல்லை. அடிக்கிறவனுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கிற ஆள். பத்திரிகையில் படம் வருவது அடித்தவனுக்கு, பிழை விட்டால் ஏச்சு விழுவது ஏற்றியவனுக்கு. போலந்தில் முழங்கால் போனதும் கழகம் ஒரு தொலைபேசி அழைப்போடு அவனைக் கைகழுவியது.

ஆஸ்திரேலியாவில் மெல்பேணுக்குப் பிழைக்க வந்து, கிளேட்டன் பகுதியில் அந்த முழங்காலைக் காட்டப்போன இடத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவள் பிறின்சி, அம்புறோஸின் மகள். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. கேட்பவர்களிடம், "மகள் இன்னும் படிக்கிறாள்" என்றே சொல்லிவந்தார். வுகாஷின் நகரின் விளிம்பில், ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்.

அந்தக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில்தான் அன்று புலம்பெயர்ந்த தமிழரின் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். எறிக்குக்குக் கிண்ணம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அக்காவின் புருஷனை அணியில் சேர்த்திருந்தான். விதிப்படி அந்தந்த ஊர்க்காரர் மட்டுந்தான் ஆடலாம். ஊரில் பெண் எடுத்தவனும் ஊர்க்காரன்தான்.

"உவன் எந்த ஊரடா? காசுக்குப் பிடிச்ச வெள்ளை!" என்று எதிரணி கத்தியது.

நடுவர் சிவபாலன், சங்கத் தலைவரான அம்புறோஸைப் பார்த்தார். "அங்கிள், இவர் உங்கட மருமகனோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, ஆடட்டும்."

"எனக்கு மருமகன் இல்லை."

எதிரணி கைதட்டிச் சிரித்தது. அவ்வளவு தமிழ் வுகாஷினுக்குப் புரியும். பார்வையாளர் நடுவே இருந்த பிறின்சி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, போவம்." அவன் தலையாட்டி மறுத்தான். ஓரத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தான், பிளாஸ்டரை உரிக்கவில்லை.

முதல் செற்றை எறிக்கின் அணி எப்படியோ எடுத்தது. இரண்டாவது போனது. தீர்மானிக்கிற மூன்றாவதும் போய்க்கொண்டிருந்தது. ஏற்றிவிட்ட பந்தெல்லாம் எங்கெங்கோ அலைய, எறிக் வலையிலேயே அறைந்துகொண்டிருந்தான். இடைவேளை கேட்டுக்கொண்டு தகப்பனிடம் ஓடினான். "ஒரு சொல்லுத்தானே அப்பா! உங்கட கொழுப்பில கப்பும் போகப்போகுது."

அம்புறோஸ் வாங்கடிக்கு வந்தார். முதன்முறையாக அவனிடம் நேரே பேசினார். "எழும்பு. ஆடு."

வுகாஷின் அசையவில்லை. "நான் ஆர்?" என்று தமிழில் கேட்டான்.

"உனக்குத் தெரியும்."

நடுவரின் மேசையில் இருந்த மைக்கைப் பிளாஸ்டர் சுற்றிய விரல் காட்டியது. "அதில சொல்லுங்கோ."

அம்புறோஸ் மேசையடிக்குப் போனார். மைக்கைப் பறித்தார். "நான் பெண் குடுக்கேல்லை. என்னைக் கேட்டுக் கட்டவும் இல்லை. ஆனா என்ர மகளைக் கட்டினவன் இவன்தான். மருமகன். போதுமோ?" மைக் கீச்சிட்டது. அதை மேசையில் எறிந்துவிட்டு, கொத்துரொட்டிக் கடைப் பக்கம் திரும்பி நின்றார்.

வுகாஷின் அவரைப் பார்க்காமலே உள்ளே போனான்.

"பந்தைப் பிழை விட்டியோ, எங்கட வீட்டுப் பக்கம் வராத" என்றான் எறிக், பல்லைக் கடித்தபடி.

"கூப்பிட்டாத்தானே வாறது."

பந்து உயரே வந்தது. முழங்கால் முறிகிற மாதிரிக் குத்தியது. அவன் அதன் அடியில் போய் நின்றான். பத்து விரலும் பந்தை ஒரு கணம் தொட்டு ஏற்றிவிட்டன. சுழலாமல், தள்ளாடாமல், வலைக்குச் சற்று மேலே, எறிக்கின் வலக்கை எட்டுகிற இடத்துக்குப் போய் நின்றது பந்து.