முப்பிடாதி மைனியின் நூற்றெட்டுச் சுற்று

விசைத்தறிச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்துத் தறிக்காரிதான் தோளைத் தட்டினாள். வெளியே வந்து எடுத்தேன். அண்ணன்.

"ஏட்டி, ஒங்க மைனி தூக்கத்துலயே போயிட்டாட்டி."

தறியைப் பக்கத்துத் தறிக்காரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முப்பிடாதி மைனி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மைனி அம்மன் கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றி வருவார்கள். ஆடிச்சுற்று என்பது எங்கள் ஊர் நேர்ச்சை. மைனி நடக்கிற வேகத்துக்கு நான் ஓட வேண்டும். பிறகு முடக்குவாதம் வந்தது. முதலில் விரல், அப்புறம் முட்டு. வாசற்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பதினோரு வருடம் சுற்று இல்லை. அம்மன் வீதி வரும் சப்பரத்து மேளம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

போன வருடம் அண்ணன் பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தான். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்தது. மிதிக்க வேண்டாம், கியர் வேண்டாம், வலது கையை லேசாகத் திருகினால் போதும். இந்த ஆடியில் மைனி சொன்னார்கள்: "நான் சுத்தப் போறேன். ஒருத்தரும் என்னைத் தூக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம்."

விடியுமுன்னே கிளம்புவோம். நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். வண்டிக்குச் சத்தமே கிடையாது. ரத வீதியில் நாங்கள் போகிறோமா, வீடுகள்தான் பின்னால் நகர்கின்றனவா என்று தெரியாது. எங்கிருந்தோ பிச்சிப்பூ வாசம் வந்து கொஞ்ச தூரம் கூடவே வரும். ஒரு சுற்று முடிந்தால் காலடியில் இருக்கிற தேங்காய்ச் சிரட்டையில் மைனி கணக்குக்கு ஒரு புளியமுத்து போடுவார்கள்.

டீக்கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்: "ஏ தாயி, சக்கரம் சுத்துனா ஒனக்குக் கணக்காகுமா?"

"அம்மாளே சப்பரத்துலதான அண்ணாச்சி வாரா! அவள எறங்கி நடக்கச் சொல்லுங்க, நானும் எறங்குதேன்."

டீக்கடையே சிரித்தது.

ஏழாம் நாள் வேகத்தடையில் வண்டி குதித்துச் சிரட்டை கவிழ்ந்துவிட்டது. புளியமுத்து எல்லாம் சாக்கடைக்குள் போயிற்று.

"அறுவதுக்கு மேல இருக்கும் மைனி. அறுவதுன்னு வச்சுக்கிடுவோம்" என்றேன்.

"அம்மாள்கிட்டப் போயி உத்தேசம் சொல்லச் சொல்லுதியாட்டி?"

திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். தபசுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. கைப்பிடியைத் திருகும்போதெல்லாம் முதுகு விறைக்கும். பின்னால் இருந்த எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் நான் ஓட்டட்டுமா மைனி?"

"சும்மா இரிட்டி. இது என் சுத்து."

தபசன்று காலையில் நூற்றெட்டும் முடிந்தது. கோபுர வாசலில் நிறுத்தி, மடங்காத விரல்களைச் சேர்த்துக் கும்பிட்டார்கள். இனி வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். வண்டி திருவேங்கடம் ரோட்டில் திரும்பியது.

"எங்க மைனி?"

"சும்மாதாம்ட்டி."

ஊர் தாண்டியதும் கரிசல் காடு. ஆடிக்காற்று எதிரே வந்தது. மைனியின் கொண்டை அவிழ்ந்து முடி என் முகமெல்லாம் பறந்தது. சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்கள். எவ்வளவு தூரம் போனோம் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் எண்ணவில்லை.

போய் வாருங்கள் மைனி. வழியில் கொண்டையை முடிந்துகொள்ளாதீர்கள். அப்படியே பறக்கட்டும்.